ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பிள்ளைக்கு வலி மட்டும் நிற்கவில்லை

கேள்வி: எங்கள் ஊர் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை பக்கம். மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு, மலையாளம் மீடியம். ஏடிஎச்டி (கவனக்குறைவு, ஓயாத துறுதுறுப்பு) என்று போன வருடம் கோயமுத்தூரில் சொன்னார்கள். அதற்காக நான்கு மாதமாகக் காலையில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். ஆனால் வயிற்றுவலி அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவான். மத்தியானம் தலை வலிக்கிறது என்கிறான் என்று டீச்சர் ஃபோன் செய்வார். ராத்திரி கால் வலி, அமுக்கிவிட்டால்தான் தூங்குவான். டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது. பள்ளிக்கூடக் கக்கூஸுக்குப் போகவே மாட்டான், ஜட்டியில் அடிக்கடி கறை இருக்கிறது. பக்கத்துச் சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி என்று மூன்று இடத்தில் காட்டிவிட்டோம். ரத்தம், மூத்திரம், மலம் எல்லாம் நார்மல். ஸ்கேனில் மட்டும் வயிற்றுக்குள் 6 மில்லிமீட்டரில் நெறிகட்டி (நிணநீர்க் கட்டி) என்று எழுதியிருக்கிறது. டிபியாக இருக்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். மாமியார் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகச் சொல்கிறார். "நீ கொஞ்சிக் கொஞ்சித்தான் அவன் நடிக்கிறான்" என்கிறார் கணவர். நடிக்கிறானா டாக்டர்? மாத்திரையால் வருகிறதா? எண்டோஸ்கோபி எடுத்துப் பார்க்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் முதல் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் நடிக்கவில்லை. அவனுக்கு வலிக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் எந்தப் பிள்ளையும் சாக்குச் சொல்லும். மாதக்கணக்கில், ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நடிப்பது ஏழு வயதில் முடியாது. அதிலும் நேற்று எடுத்துவைத்த பென்சில் எங்கே என்பதே நினைவிருக்காத பிள்ளைக்குச் சுத்தமாக முடியாது.

"சனி, ஞாயிறு வலிப்பதில்லையே" என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் விடுமுறை நாளில் வலி குறைவதை வைத்து அது பொய் வலி என்று சொல்ல முடியாது. குடலுக்கென்று தனியாக ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அவசரம், பதட்டம், தூக்கக்குறைவு, வெறும் வயிறு எல்லாம் அந்த நரம்புகளைக் கூர்மையாக்கிவிடும். கொஞ்சம் வாயு சேர்ந்து குடல் விரிவது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. இவனுக்கு அது வலியாகவே தெரியும். பரீட்சை நாளன்று பெரியவர்களுக்கே வயிறு கலக்குகிறது, அதை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லை.

"எல்லாம் நார்மல்" என்ற ரிப்போர்ட்டுக்கும் அர்த்தம் இருக்கிறது. வீக்கம், கல், கிருமி, ரத்தசோகை மாதிரியான சில விஷயங்களைத் தேடினோம், அவை இல்லை, அவ்வளவுதான். குடல் எப்படி அசைகிறது, நரம்பு எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதெல்லாம் ஸ்கேனில் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றுவலியை முதன்முதலில் பெரிய அளவில் கணக்கெடுத்தவர்களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஜான் ஆப்ளி முக்கியமானவர். 1958-இல் 1,000 பள்ளிக் குழந்தைகளைப் பார்த்து எழுதினார். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வலி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு உறுப்பில் எந்தக் கோளாறும் இல்லை. தொப்புளைவிட்டு வலி எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்கு உள்ளே வேறு நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர் சொன்னதை இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். உங்கள் மகன் பிடிப்பது தொப்புளைத்தான். குடல் கோளாறுகளுக்கென்று 2016-இல் வந்த ரோம் வரையறையின்படி, மாதம் நான்கு தடவைக்குக் குறையாமல் இரண்டு மாதமாக வலி இருந்து, முறையாகப் பார்த்தும் வேறு காரணம் தெரியாவிட்டால் அதற்குச் செயல்சார் வயிற்றுவலி என்று பெயர். காரணம் தெரியாமல் கைவிரிப்பதற்கு வைத்த பெயர் இல்லை இது, சிகிச்சை உள்ள ஒரு நோயின் பெயர்.

நெறிகட்டி பற்றி. இந்த ஒரு வரி எத்தனை வீடுகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் மெஷின்கள் இப்போது மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. நன்றாக ஓடி விளையாடும் பிள்ளையின் வயிற்றில் வைத்துப் பார்த்தாலும் சின்னச் சின்ன நெறிகள் தெரியும். சளி பிடித்தாலும் பேதி போனாலும் அவை சற்றுப் பெரிதாகும், பிறகு சுருங்கும். குறுக்களவு 8 மில்லிமீட்டருக்குள் இருந்து, காய்ச்சலோ எடைக்குறைவோ இல்லாவிட்டால் அதற்கு மருந்தே தேவையில்லை. அந்த 6 மில்லிமீட்டரை மட்டும் வைத்து டிபி மாத்திரை ஆரம்பிக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

எண்டோஸ்கோபியும் இப்போதைக்கு வேண்டாம். கடிதத்தில் நீங்கள் சொன்ன எதுவும் அதைக் கேட்கவில்லை. ஆனால் சில அறிகுறிகள் வந்தால் என் பதிலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். எடை குறைவது அல்லது வளர்த்தி நின்றுபோவது, நல்ல தூக்கத்தில் இருக்கிறவனை வலி எழுப்பிவிடுவது, மலத்தில் ரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, காரணமில்லாமல் நீடிக்கும் காய்ச்சல், மூட்டு வீக்கம், விழுங்கச் சிரமம். வலி வலதுபக்க அடிவயிற்றுக்கு நகர்ந்து, நடந்தாலும் குதித்தாலும் கூடினால் அது குடல்வால் வீக்கமாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். ஆண்பிள்ளைக்குத் திடீரென்று அடிவயிற்றில் கடும் வலி வந்தால் விதைப்பையையும் பாருங்கள். பிள்ளைகள் வெட்கத்தில் வயிறு என்றே சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் காப்பாற்ற முடியும். தலைவலியில், விடியற்காலையில் வாந்தியோடு வருவது, வாரத்துக்கு வாரம் கூடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றைத் தள்ளிப்போடவே கூடாது.

இவை எதுவும் இல்லை என்றால், இனி தேட வேண்டிய இடம் அவனுடைய ஒரு சாதாரண நாள். காலை எழுந்ததிலிருந்து ராத்திரி தூங்குவது வரை அவன் என்ன சாப்பிடுகிறான், எப்போது வெளிக்குப் போகிறான், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதிலேயே மூன்று நான்கு காரணங்கள் கண்முன் கிடக்கின்றன.

ஏடிஎச்டி என்றால் பாடத்தில் கவனமில்லாமை, ஓரிடத்தில் உட்காராமை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தன் உடம்பு சொல்வதைக் கவனிப்பதும் ஒரு கவனம்தானே? இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அதிலும் தடுமாற்றம் உண்டு. பசி மெல்ல ஆரம்பிக்கும்போது தெரியாது; முற்றி எரிச்சலாக வெடிக்கும்போதுதான் தெரியும். ஒன்னுக்கு முட்டும்போது தெரியாது. ஓடினால்தான் உண்டு என்கிற கட்டத்தில் தெரியும். தாகமும் களைப்பும் இப்படித்தான். எல்லாம் தாமதமாக, மொத்தமாக, வலி என்ற ஒரே பெயரில் வந்து சேரும். அப்போது "எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது, குத்துதா, எரியுதா?" என்று நாம் கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கையில் கிடைத்த பதிலைச் சொல்வான், அடுத்த முறை வேறொன்று சொல்வான். நேற்று தலை, இன்று வயிறு, நாளை கால். பெரியவர்கள் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் அவனைக் கேள்வி கேட்பதைக் குறைத்துவிட்டு, அவன் உடம்பைக் கவனிக்கும் வேலையைக் கொஞ்ச காலத்துக்குக் கடிகாரத்திடம் கொடுத்துவிடுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில் அந்த ஜட்டிக் கறை. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான், நீங்களோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். துடைக்கச் சோம்பல் என்று நினைத்துத் திட்டியிருப்பீர்கள். வயிறு இளகுகிறது என்று யாராவது பேதியை நிறுத்தும் மருந்துகூடக் கொடுத்திருக்கலாம். பெரும்பாலும் அது மலச்சிக்கலின் அடையாளம். பள்ளிக் கக்கூஸ் பிடிக்காமல் அடக்குகிறான். அடக்கிய மலம் உள்ளேயே தங்கி, நீர் வற்றி, கெட்டியாகிறது. கெட்டியானது வெளியே வரும்போது வலிக்கிறது, வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறான். நாளாக ஆகக் குடலின் கடைசிப் பகுதி விரிந்து, வருகிற உணர்வே மரத்துப் போகிறது. அப்புறம் மேலே இருக்கும் இளகிய மலம் கெட்டியானதன் ஓரமாகக் கசிந்து ஜட்டியில் படுகிறது. அவனுக்கே தெரியாமல் நடப்பது இது. "தினமும் போகிறானே" என்பதும் ஆறுதல் இல்லை. தினமும் கொஞ்சூண்டு போய்விட்டு மீதியை உள்ளே வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய.

ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 7 லட்சம் பேருக்கு மேல் மருத்துவப் பதிவுகளை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. மற்றப் பிள்ளைகளைவிட ஏடிஎச்டி உள்ளவர்களிடம் மலச்சிக்கல் ஏறக்குறைய மூன்று மடங்கு, கசிவு ஆறு மடங்கு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பிடாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசமில்லை. மாத்திரைக்கு முன்பிருந்தே வலி என்று நீங்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

இதை உறுதிசெய்யப் பெரிய டெஸ்ட் தேவையில்லை. ஒரு குழந்தை மருத்துவர் நிதானமாக வயிற்றை அழுத்திப் பார்த்தால் இடதுபக்கக் கீழ்வயிற்றில் கட்டிகட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். கசிவு இருப்பதால் முதலில் தேங்கியதை முழுக்க வெளியேற்ற வேண்டும். அதற்குப் பாலிஎத்திலீன் கிளைகால் பொடியோ லாக்டுலோஸ் சிரப்போ மருத்துவர் எடைக்கு ஏற்ற அளவில் கொடுப்பார். வீட்டில் விளக்கெண்ணெய் கொடுப்பதும், சோப்புத் துண்டு வைப்பதும் வேண்டாம். வலித்தால் இன்னும் அடக்குவான். தேங்கியது போன பிறகும் மருந்து மாதக்கணக்கில் தொடர வேண்டும். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சை தோற்பதற்கு முதல் காரணம். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க அவ்வளவு நாள் ஆகும். பழகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், இவை அந்த வகை மருந்தில்லை.

மருந்தோடு கடிகாரம். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும், எல்லா மனிதருக்கும் அப்படித்தான். அதனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை. வருகிறதோ இல்லையோ, உட்கார வேண்டும். வெஸ்டர்ன் கக்கூஸ் என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள், முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. நம் பழைய குந்தும் கக்கூஸில் இந்தப் பிரச்சினையே இல்லை. உட்கார்ந்ததற்கு ஒரு ஸ்டிக்கர், ஒரு நட்சத்திரம் கொடுங்கள். போனதற்குப் பரிசு என்று வைக்காதீர்கள், அது அவன் கையில் இல்லாத விஷயம். வேன் 8 மணிக்கு என்றால் இதற்காக அரைமணி நேரம் முன்னால் எழுப்ப வேண்டியிருக்கும். வீட்டுக்கு இது கஷ்டம்தான், தெரிகிறது. ஆனாலும் அந்த அரைமணி நேரத்தில்தான் காலைநேர வயிற்றுவலியின் பாதி கரையும்.

சாப்பாட்டில் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். உங்கள் பக்கத்து மட்டை அரிசி, பச்சைப்பயறு, கொள்ளு, கீரை, பழுத்த நேந்திரம்பழம் போதும். பால் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் குறையுங்கள். பால் வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுக்கும், மலத்தையும் கெட்டியாக்கும், இரும்புச்சத்தையும் சேரவிடாது. தண்ணீருக்கும் நேரம் வையுங்கள். கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்த மணிக்கு அவன் பாட்டில் திறக்கிறதா என்று டீச்சரை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலுக்கு மத்தியானத் தலைவலி வர வேறு காரணமே வேண்டாம்.

அடுத்து மாத்திரை. மெத்தில்ஃபெனிடேட் வயிற்றுவலி, தலைவலி இரண்டையும் கொண்டுவரக்கூடியதுதான். முதல் சில வாரங்களில் அதிகம் இருக்கும், பிறகு பெரும்பாலும் தணியும். உங்கள் மகனுக்கு வலியை ஆரம்பித்தது அது இல்லை. ஆனால் பசியை அடக்கி மத்தியான டிபனைத் திருப்பி அனுப்புவது அதுவாக இருக்கலாம். காலையில் அவசரத்தில் அரை இட்லி, மத்தியானம் பசியில்லை, மூன்று மணிக்குத் தலைவலி, மாலை வீட்டுக்கு வந்ததும் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவது என்று ஒரு வட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். அந்தக் காலைச் சாப்பாடுதான் அவனுடைய நாளின் பெரிய சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்: முட்டை, நெய் தோசை, பயறு, எது இறங்குகிறதோ அது. மாலை மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகு இன்னொரு முழுச் சாப்பாடு. எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எழுதிவையுங்கள். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்தார்களா என்று கோவை மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.

நீங்களாக நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ வேண்டாம். நேரம் விட்டுக் கரையும் வகை மாத்திரையை உடைத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். பின்னால் எப்போதாவது குளோனிடின் என்ற மாத்திரை கொடுத்தால் அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். மாத்திரை கொடுத்ததற்காக உங்களை யாராவது குற்றம் சொன்னால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. ஏழு வயதில், படிப்பும் பழக்கமும் தடுமாறும் பிள்ளைக்கு மருத்துவர் பார்த்துக் கொடுத்த மாத்திரை தவறில்லை.

ராத்திரிக் கால்வலியில் இரண்டு வகை. இரண்டு காலிலும், கெண்டைக்காலிலோ தொடையிலோ மாலைக்கு மேல் வலித்து, அமுக்கினால் அடங்கி, விடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடினால் அது வளரும் வயதின் வலி. ஒரே காலில், மூட்டில், வீக்கத்தோடு, நொண்டி நடந்தால் அது வேறு, காட்ட வேண்டும். இன்னொரு வகை ஏடிஎச்டி பிள்ளைகளிடம் சற்று அதிகம்: படுத்ததும் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும், உதைத்தாலோ எழுந்து நடந்தாலோதான் அடங்கும். பிள்ளைக்கு அதை விவரிக்கத் தெரியாது, வலி என்று சொல்லும். இதற்கு உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைவது ஒரு முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் 11.5-க்கு மேல் இருந்தாலும் சேமிப்பு குறைந்திருக்கலாம்; அதனால் 'ரத்தம் நார்மல்' என்ற ரிப்போர்ட்டில் அது அகப்படாது. ஃபெரிட்டின் என்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. நான் புதிதாகக் கேட்கும் ஒரே ரத்த டெஸ்ட் இதுதான். கால் தொந்தரவு உள்ள பிள்ளைக்கு அது 50-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். டெஸ்ட் இல்லாமல் நீங்களாக டானிக் வாங்கிக் கொடுத்தால் மலச்சிக்கல்தான் கூடும்.

தூக்கம் இந்த வயதில் 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்று ஒரு வாரம் பாருங்கள். மூக்கடியிலோ தொண்டையிலோ சதை பெருத்து ராத்திரி மூச்சுத் தடைபட்டால் பகலில் கவனமும் போகும், தலையும் வலிக்கும். கண் பரிசோதனையும் ஒருமுறை. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி அப்படியே உறைந்து வெறித்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அதை வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கவனக்குறைவு மாதிரியே தெரியும் ஒருவகை வலிப்பு உண்டு.

இனி வேன் வரும் நேரம். அவன் சுருண்டு படுக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை வலி பார்த்துக்கொண்டிருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, லேசான அசௌகரியத்தை உண்டாக்கினார்கள். சில பெற்றோர்களிடம் வலியைப் பற்றியே கேட்டு ஆறுதல் சொல்லுங்கள் என்றார்கள். சிலரிடம் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள் என்றார்கள். ஆறுதல் சொன்ன பக்கத்தில் பிள்ளைகளின் முறையிடல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பேச்சை மாற்றிய பக்கத்தில் பாதியாகக் குறைந்தது. ஆனால் பேச்சை மாற்றினால் பிள்ளைக்குக் கெடுதல் என்றுதான் வயிற்றுவலிப் பிள்ளைகளின் பெற்றோர் நினைத்தார்கள். பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. கொஞ்சுவதால் வலி வரவில்லை. வலியைப் பற்றியே பேசுவதால் அது பெரிதாகிறது. அதட்டுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

அதனால் ஒருமுறை மட்டும், தொட்டுச் சொல்லுங்கள்: "வலிக்குதுன்னு அம்மாவுக்குத் தெரியும் தங்கம். கொஞ்ச நேரத்துல சரியாகும். வா, வாசல்ல கோழி எத்தனை நிக்குதுன்னு எண்ணலாம்." அதற்கு மேல் "இப்ப எப்படி இருக்கு, குறைஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம். பள்ளிக்கு அனுப்புங்கள். வலித்தால் டீச்சர் பத்து நிமிடம் ஓரமாக உட்காரவிடட்டும், பிறகு வகுப்புக்குத் திரும்பட்டும். வீட்டுக்கு ஃபோன் செய்து கூட்டிப்போகச் சொல்வது கடைசி வழியாக இருக்கட்டும். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டிவி, மொபைல் இல்லாமல் படுத்து ஓய்வெடுக்கிற நாளாக இருக்கட்டும்.

பள்ளியில் என்ன நடக்கிறது என்றும் பார்த்தே ஆக வேண்டும். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். இரண்டு மொழியால் ஏடிஎச்டி வராது, அந்தப் பயம் வேண்டாம்; எல்லையோரத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இரண்டிலும் வாழ்கிறார்கள். ஆனால் கவனம் சிதறுகிற பிள்ளைக்கு, டீச்சர் வேகமாகச் சொல்லும் வரியில் பாதி நழுவிவிடும். கேட்டு எழுதும் நேரம் பெரிய சோதனையாகிவிடும். எந்தப் பீரியடுக்கு முன்னால் வலி வருகிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குப் பதட்டமும் சேர்ந்தே இருக்கிறது, அதற்குத் தனியாக உதவி தேவைப்படலாம். எழுத்துக் கூட்டுவதே தடுமாறுகிறது என்றால் எட்டு வயது வாக்கில் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கக்கூஸ் விஷயத்தையும் வெட்கப்படாமல் பேசுங்கள். தாழ்ப்பாள் இல்லை, பெரிய பையன்கள் கேலி செய்கிறார்கள், தண்ணீர் வரவில்லை என்று ஏதோ ஒன்று இருக்கும். இன்டர்வெலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவனை மட்டும் அனுப்பினாலே போதும், பல பிள்ளைகளுக்கு அடக்குகிற பழக்கம் விட்டுப்போகிறது.

மாமியாருக்கு மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிப்போடட்டும், கயிறு கட்டட்டும். பக்கத்து வீட்டுச் சேச்சி கொதிக்கு (சாப்பாட்டில் பட்ட கண்ணேறுக்கு) ஓதித் தந்தாலும் தவறில்லை. பேரன் மேல் உள்ள பாசம் அது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலோ குழாயோ விடுவதும், வயிற்றைப் பிசைந்து வாந்தி எடுக்கவைப்பதும் வேண்டாம். தொண்டை கிழியும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். ஏற்கெனவே உடம்பைப் பற்றிப் பயந்திருக்கும் பிள்ளை இன்னும் பயப்படும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியும் வேண்டாம். சில பொடிகளில் ஈயம் இருப்பதுண்டு. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுவலி, மலச்சிக்கல், கவனக்குறைவு மூன்றும் வரும். இதுவரை அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சித்தூரில் எடுத்த டெஸ்டைப் பாலக்காட்டில் மறுபடி எடுப்பார்கள், பொள்ளாச்சி வந்தால் நாங்கள் மூன்றாவது முறை எழுதுவோம். ஒவ்வொரு மருத்துவரும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதால் கடைசிப் பக்கத்துக்கு யாரும் வருவதில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். குழந்தை மருத்துவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், ஊர் எதுவாக இருந்தாலும் சரி, ஆறு மாதத்துக்கு அவரையே பாருங்கள். செலவு கனக்கிறது என்றால் ராஷ்ட்ரிய பால சுவாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தை நலத் திட்டத்தில் 18 வயது வரை ஏடிஎச்டியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்ட மருத்துவமனையோடு இணைந்த தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் மனநல ஆலோசகரும் பயிற்சியாளரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், கட்டணம் கிடையாது. வீட்டுச் சண்டையில் நீங்கள் சோர்ந்துபோகிற நாளில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், அதுவும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். வலி வந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, வெளிக்குப் போனானா, எப்படிப் போனான், மாத்திரை நேரம், தூங்கிய நேரம், அன்று பள்ளி உண்டா இல்லையா, அவ்வளவு போதும். அவனைக் கேட்டு எழுத வேண்டாம், நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். மலச்சிக்கல் மருந்து ஆரம்பித்து முதல் இரண்டு வாரம் கறை அதிகமானால் பயப்பட வேண்டாம், தேங்கியது வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும். ஆறு வாரம் கழித்து நோட்டையும் ஃபெரிட்டின் முடிவையும் கோவை மருத்துவரிடம் காட்டி, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். கசிவு நின்ற பிறகும் காலை வலி அப்படியே இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது பதட்டத்துக்கான சிகிச்சை பற்றித் தனியாகப் பேசலாம்.